அலெக்சாண்ட்ரியாவில் இரண்டு இரவுகள்: கொங்கு நாட்டிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

எகிப்துக்குச் செல்லும் நம் பகுதி மக்களில் பலர் கெய்ரோவில் தங்கிப் பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, நாள் மிஞ்சினால் அலெக்சாண்ட்ரியாவுக்குக் காலையில் போய் இரவில் திரும்பிவிடுகிறார்கள். சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் அப்படித்தான் திட்டம் வகுத்துக் கொடுக்கிறார்கள். போக மூன்று மணி நேரமும் வர மூன்று மணி நேரமும் சாலையிலேயே கழிய, இடையில் ஒரு தூண், ஒரு கோட்டை, ஒரு நூலகம் ஆகியவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு அந்த நகரம் பொருந்தாது. கி.மு. 331இல் அலெக்சாண்டர் நிறுவிய நகரத்தில் இன்று கண்ணெதிரே நிற்பவை மிகச் சில. பெரும்பகுதி இப்போதைய தெருக்களுக்கு அடியிலும் கிழக்குத் துறைமுகத்தின் நீருக்கு அடியிலும் கிடக்கிறது. எது எங்கே இருந்தது, எதன்மேல் எது எழுந்தது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நிதானமாக நடந்து பார்ப்பவருக்கே அந்த ஊர் பிடிபடும். அதற்குக் குறைந்தது இரண்டு இரவுகள் அங்கே தங்க வேண்டும். மூன்று முழு நாள்கள் கிடைத்தால் நல்லது. அதற்கு மேல் வரலாற்றுக்காக மட்டும் போகிறவருக்குத் தேவைப்படாது.

கிளம்புமுன் நம் ஊரிலேயே பார்க்க வேண்டியவை

இந்தப் பயணத்தின் தயாரிப்பைச் சென்னிமலைக்குப் பக்கத்தில் உள்ள கொடுமணலிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். நொய்யல் கரையில் உள்ள அந்த ஊரில் 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வு தொடங்கியது. படிகம், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றை அறுத்துத் துளையிட்டு மணிகளாக்கிய பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற படியூர், காங்கயத்திலிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. ரோமானிய நாணயங்கள் வெள்ளலூர், கத்தாங்கண்ணி, கரூர் எனக் கொங்கு நாட்டின் பல இடங்களில் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பல, பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. மேற்குக் கரையின் முசிறியில் இறங்கிய வணிகர் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்து, கரூரைத் தொட்டு, காவிரிக் கரையோரமாகக் கீழைக் கடற்கரைக்குப் போயினர் என்பதை இந்த நாணயங்கள் கிடைத்த இடங்களே காட்டுகின்றன.

அந்தப் பொருள்கள் இங்கிருந்து ரோமுக்குப் போன வழியில் கடைசிப் பெருந்துறை அலெக்சாண்ட்ரியா. முசிறியில் ஏற்றிய சரக்கு பருவக்காற்றின் துணையோடு அரபிக்கடலைக் கடந்து, செங்கடலின் எகிப்தியத் துறைகளான பெரெனிகே, மயோஸ் ஹோர்மோஸ் ஆகியவற்றில் இறங்கியது. அங்கிருந்து பாலைவனத்தின் வழியே ஒட்டகத்தில் கோப்டோஸ் என்ற நைல்கரை ஊருக்கு வந்து, படகில் ஆற்றோடு இறங்கி அலெக்சாண்ட்ரியாவை அடைந்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இந்த வழியையே விவரிக்கிறது. அது முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். அதன் மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சடாமாஞ்சி, தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு, அரசுக்குச் சுங்கமாகப் போனது. பெரெனிகேயில் இந்தியாவில் செய்த சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது; மயோஸ் ஹோர்மோஸில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால், அலெக்சாண்ட்ரியாவின் துறைமுகம் நமக்கு அந்நிய ஊரின் கடற்கரையாகத் தோன்றாது. ஆனால் அங்குள்ள அருங்காட்சியகங்களில் கொங்கு நாட்டின் பெயரைச் சொல்லும் பலகை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே கரூர், ஈரோடு, கோவை ஆகிய ஊர்களின் அரசு அருங்காட்சியகங்களில் ஒன்றையாவது முதலில் பார்த்துவிடுங்கள். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழி என்று பொறித்த சோழர் காலக் கல்வெட்டும் இருக்கிறது. அது ரோமானிய வணிகத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியதாயினும், கணவாயை நோக்கிச் சென்ற நெடுவழியின் தடம் எதுவென்று நேரில் விளங்கிக்கொள்ள உதவும்.

எப்போது போவது

மார்ச் கடைசி முதல் மே நடு வரையிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோவின் வெயிலுக்குத் தப்பி எகிப்தியர்களே பெருந்திரளாக இங்கு வந்துவிடுவதால், அறை வாடகை உயர்கிறது. கடற்கரைச் சாலை வண்டிகளால் அடைபடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம் மட்டுமல்ல, மழைக்காலமும் அதுவே. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருவதுபோல் அவர்களுக்கு மத்தியதரைக் கடலிலிருந்து புயல்மழை வரும். உள்ளூர் மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் நாளும் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் வரும் மக்னஸா என்பது அவற்றில் ஒன்று. அந்த நாள்களில் அலை சாலைவரை தெறிக்கும். துறைமுகத்தை மூடிவிடுவதும் உண்டு. ஜனவரிப் பகலில் வெப்பம் 18 டிகிரி அளவிலும் இரவில் 10 டிகிரிக்கு அருகிலும் நிற்கும் என்பதால், ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதும். ஆனால் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். வசந்த காலத்தில் பாலைவனத்திலிருந்து கம்சீன் என்ற வெப்பக்காற்று மணலோடு ஓரிரு நாள்கள் வீசக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மனத்தில் கொண்டு அக்டோபரைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரமலான் மாதத்தில் தொல்லியல் இடங்கள் வழக்கத்தைவிட முன்னதாக மூடப்படும்; பகலில் உணவகங்கள் பல திறப்பதில்லை. நாள்கள் குறைவாக இருப்பவர் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நலம். ஒவ்வோர் ஆண்டும் ரமலான் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னால் நகரும் என்பதால், பயணச்சீட்டு எடுக்குமுன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வார விடுமுறை அங்கே வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடியும்வரை கடைவீதி அடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை முடியும்படி அமைத்துக்கொண்டால் எந்தக் கதவும் மூடியிருக்காது.

விசா, விமானம், பணம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு எகிப்து விசா தேவை. புதுடெல்லியில் எகிப்தியத் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் உள்ளன. விதிகள் அடிக்கடி மாறுவதால், தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் தூதரகத்தின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்து, இரண்டு மாதம் முன்னதாகவே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், தங்குமிட முன்பதிவும், திரும்பி வரும் பயணச்சீட்டும் தயாராக இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து புறப்படுபவர் கெய்ரோவைத் தொடாமலேயே அலெக்சாண்ட்ரியாவில் இறங்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா விமானம் செல்கிறது. அதே நிறுவனம் ஷார்ஜாவிலிருந்து அலெக்சாண்ட்ரியாவின் போர்க் எல் அரப் விமான நிலையத்துக்கும் பறக்கிறது. இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது போய்விடும். பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்த நாட்டு விசாவும் தேவைப்படும். கெய்ரோவில் வேலை உள்ளவர்கள், அதாவது நூல், துணி வணிகமாகப் போகும் திருப்பூர், கோவைத் தொழிலதிபர்கள், அங்கிருந்து ரயிலில் வருவதே சிறந்தது. குளிர்சாதன வகுப்பில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில், வயல்களும் கால்வாய்களும் நிறைந்த நைல் கழிமுகத்தின் குறுக்கே அந்த ரயில் ஓடுகிறது. இந்தத் தடத்தின் முதல் பகுதி 1854இல் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காக் கண்டத்தின் முதல் ரயில் பாதை அதுதான். மிஸ்ர் நிலையம் என்று எல்லோரும் அழைக்கும் முதன்மை நிலையத்தில் இறங்க வேண்டும். அதற்கு ஒரு நிறுத்தம் முன்னதாக வரும் சிதி காபர் நிலையத்திலும் ரயில் நிற்பதால், கூட்டம் இறங்குவதைப் பார்த்து அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எகிப்திய பவுண்டை அங்கேயே ஏடிஎம்மில் எடுப்பது எளிது. தொல்லியல் இடங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்தை அட்டையில் மட்டுமே பெறுகிறார்கள். எனவே வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு இயக்கிவைத்த அட்டைகள் இரண்டு கையில் இருக்கட்டும். டாக்ஸி, டீக்கடை, கழிப்பறை ஆகியவற்றுக்குச் சில்லறை நோட்டு வேண்டும். கதவைத் திறந்துவிடுபவர், விளக்கைப் போடுபவர், செருப்பைப் பார்த்துக்கொள்பவர் என்று எல்லோரும் பக்‌ஷீஷ் எதிர்பார்ப்பார்கள். சிறு நோட்டுகளைத் தனிப் பையில் வைத்திருந்து, உதவி பெற்ற இடத்தில் மனமுவந்து கொடுங்கள். கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்பவரிடம் முதலிலேயே வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அரபு எண்களைப் பத்து நிமிடம் செலவிட்டுப் படித்துக்கொண்டு போவது எந்த அகராதியையும்விடப் பயன்படும். கடைப்பலகையில் விலையும், பேருந்தில் தட எண்ணும், ரயில் பெட்டியில் இருக்கை எண்ணும் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கும்.

தங்குமிடமும் போக்குவரத்தும்

கிழக்குத் துறைமுகத்தை ஒட்டிய ரம்ல் நிலையம், ஸாத் ஸக்லூல் சதுக்கம் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தில் அறை எடுங்கள். கிழக்கே மந்தஸா பக்கம் கடற்கரை விடுதிகள் அழகாக இருந்தாலும், பார்க்க வேண்டிய இடங்களிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அன்றாடம் இரண்டு மணி நேரம் சாலையில் போய்விடும். ரம்ல் நிலையத்திலிருந்து ரோமானிய அரங்கமும் கிரேக்க ரோமானிய அருங்காட்சியகமும் நடை தூரத்தில் உள்ளன. புதிய நூலகத்துக்கும் கடலோரமாக நடந்தே போகலாம். கடலை நோக்கிய அறை சற்று விலை கூடுதல். இரவு முழுவதும் வண்டிச் சத்தமும் கூடவே வரும். உறக்கம் முக்கியம் என்பவர் உள்தெரு அறையைக் கேட்கட்டும்.

இந்நகரின் டிராம் 1863 முதல் ஓடுவது. ஆயினும் கடலோரப் பகுதிகளை இணைக்கும் ரம்ல் தடத்தில் பெரிய அளவில் புதுப்பிப்புப் பணி எடுக்கப்பட்டிருப்பதால், அது ஓடும் என்று நம்பித் திட்டம் வகுக்க வேண்டாம். ஓடினால் ஒரு முறை ஏறிப் பாருங்கள். மற்றபடி செயலி வழி டாக்ஸியே நமக்கு ஏற்றது. மஞ்சள், கறுப்பு நிற டாக்ஸியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கோர்னீஷ் எனப்படும் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடப்பது பழகியவர்களுக்கே கடினம் என்பதால், முதியவர்களையும் குழந்தைகளையும் சுரங்கநடைபாதை வழியாகவே அழைத்துச் செல்லுங்கள்.

முதல் நாள்: தரைக்குக் கீழே

காலையில் திறந்தவுடன் கர்மூஸ் பகுதியில் உள்ள கோம் எல் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைகளுக்குப் போய்விட வேண்டும். பத்தரை மணிக்கு மேல் கெய்ரோவிலிருந்து பேருந்துகள் வந்து சேரும். அதற்குப் பிறகு அந்தக் குறுகிய அறைகளில் நின்று பார்க்க இடமிருக்காது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து உண்டாக்கிய இந்த இடம், 1900இல் ஒரு கழுதை மேற்பரப்பு உடைந்து உள்ளே விழுந்தபோதுதான் வெளிப்பட்டது என்று சொல்லப்படுகிறது. நடுவில் ஆழமான கிணறு போன்ற வட்டக் குழி. அதைச் சுற்றி இறங்கும் சுழல் படிக்கட்டு. இறந்தவரின் உடலைக் கயிற்றில் கட்டி அந்தக் குழி வழியாக இறக்கினார்கள். உறவினர் படியில் இறங்கினார்கள். ஏறத்தாழ நூறு படிகள் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும். திரும்பி ஏறுவதற்கு வேறு வழியில்லை.

கீழே, முதன்மைக் கல்லறையின் வாசலில் குறைந்தது கால் மணி நேரம் நில்லுங்கள். கதவின் இருபுறமும் தாடி வைத்த பாம்புகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் தலையில் இருப்பது எகிப்திய அரசர்களின் இரட்டைக் கிரீடம். உடலோடு சேர்ந்து நிற்பவை கிரேக்கக் கடவுளரின் கோல்கள். தலைக்கு மேலே உள்ள கேடயத்தில் கிரேக்கப் புராண அரக்கி மெதூசாவின் முகம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால், வாசலின் உட்புறத்தில் நரித்தலை அனுபிஸ் நிற்கிறார். எகிப்தியரின் அந்த ஈமக் கடவுளுக்கு இங்கே ரோமானியப் படைவீரனின் மார்புக் கவசமும் வாளும் அணிவிக்கப்பட்டிருக்கின்றன. எகிப்தியர், கிரேக்கர், ரோமானியர் என மூன்று இனத்தார் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, ஒருவர் சாமியை ஒருவர் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. இந்த ஒரு வாசலைக் கூர்ந்து பார்த்தவருக்கு அந்நகரின் இயல்பு எந்த நூலும் சொல்லாத அளவுக்கு விளங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து. அருகிலேயே பாறையில் வெட்டிய திண்ணைகளோடு ஒரு சாப்பாட்டு அறை உண்டு. இறந்தவரை நினைவுகூர வந்த உறவினர் அங்கே சாய்ந்திருந்து உண்டார்கள். கொடுமணலின் ஈமக்காட்டைப் பார்த்துவிட்டு வருபவருக்கு, இறந்தவருக்குப் படைப்பதும் அவரோடு உண்பதும் இரு கரைகளிலும் எப்படி நடந்தன என்று ஒப்பிட நிறைய இருக்கும்.

அங்கிருந்து சிறிது நேரம் நடந்தால் பாம்பேயின் தூண் என்று தவறாகப் பெயர் பெற்ற தூண் வரும். ரோமானியத் தளபதி பாம்பேக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேரரசர் தயோக்ளீஷியனைச் சிறப்பிக்கும் வகையில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் நிறுத்தப்பட்டது. அடிபீடமும் தலைப்பும் சேர்த்து ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். அதன் தண்டு மட்டும் 20 மீட்டருக்கு மேல் நீளமான ஒரே அஸ்வான் செங்கருங்கல். தூணைவிட அது நிற்கும் மேடு முக்கியமானது. இங்குதான் செராபிஸ் என்ற கடவுளின் கோயில் இருந்தது, கி.பி. 391இல் இடிக்கப்பட்டது. மேட்டுக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதைகளுக்குள் இறங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான பயணிகள் தூணைப் படம் எடுத்துவிட்டு அவற்றை அறியாமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

பிற்பகலை கோம் எல் திக்காவுக்கு ஒதுக்குங்கள். 1960இல் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் இங்கே தோண்டத் தொடங்கியபோது, சலவைக்கல் படிகள் கொண்ட ரோமானிய அரங்கம் வெளிப்பட்டது. எல்லோரும் அரங்கத்தின் நடுவில் நின்று குரல் கொடுத்துப் பார்க்கிறார்கள், நீங்களும் பார்க்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் வரிசையாக உள்ள சிறு அறைகளே என்னைப் பொறுத்தவரை இந்த ஊரின் அரிய காட்சி. கி.பி. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரையிலான வகுப்பறைகள் அவை. சுமார் இருபது இருக்கின்றன. மூன்று சுவரையும் ஒட்டி மாணவர்களுக்குக் கல் இருக்கைகள். நடுச் சுவரின் மையத்தில் ஆசிரியருக்குப் படியேறி அமரும் உயர்ந்த இருக்கை. பழைய அலெக்சாண்ட்ரிய நூலகத்தின் ஒரு கல்லைக்கூட இன்று காண முடியாது. இந்நகரம் பாடம் நடத்திய இடத்தைக் காண வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். பறவை மாளிகை எனப்படும் வீட்டின் தரைச் சித்திரங்களும் இதே வளாகத்தில் உள்ளன. அதற்குத் தனிச்சீட்டு தேவைப்படலாம்.

மாலைக்குள் நேரமிருந்தால் கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம். 1892இல் தொடங்கப்பட்டு, 2005இல் மூடப்பட்டு, 2023 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தார்கள். பழைய வழிகாட்டி நூல்கள் மூடப்பட்டிருப்பதாகவே சொல்லும், நம்ப வேண்டாம். களைத்துவிட்டால் இதை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். ஓட்டமாகப் பார்த்துத் தீர்க்கக்கூடிய இடமல்ல.

இரண்டாம் நாள்: கடலோரம்

காலையில் புதிய நூலகம். 2002இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வடிவமைத்தது நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம். கடலை நோக்கிச் சாய்ந்த வட்டக் கூரையின் விட்டம் 160 மீட்டர். வெளிச்சுவர் அஸ்வான் கருங்கல்லால் ஆனது. உலகின் 120 எழுத்துமுறைகளின் குறிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பெரிய பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும். வழிகாட்டியோடு ஒரு சுற்று வந்துவிட்டு, உள்ளே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். நூலகம் கட்டத் தோண்டியபோது அந்த இடத்திலேயே கிடைத்த தரைச் சித்திரங்கள் அங்கே இருக்கின்றன. பண்டைய கிரேக்க அறிஞர் எராத்தோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இந்த ஊரில்தான். கோடைத் திருப்பத்தன்று நண்பகலில் தெற்கே சையீனில் (இன்றைய அஸ்வானில்) நிழலே விழாதபோது, அலெக்சாண்ட்ரியாவில் சூரியன் செங்குத்திலிருந்து வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி, சாய்ந்திருந்தது என்று அளந்து, இரண்டு ஊர்களின் இடைத்தூரத்தை ஐம்பதால் பெருக்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லலாம்.

பிற்பகலில் மன்ஷியா சதுக்கத்திலிருந்து கோட்டை வரை நடந்து போகுமாறு வேண்டுகிறேன். நீங்கள் அப்போது மிதிக்கும் நிலம் பண்டைக் காலத்தில் கடல். ஃபாரோஸ் தீவையும் கரையையும் இணைக்க, அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளக் கல்லணை கட்டினார்கள். அதன் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்று, இன்று ஒரு முழு நகர்ப்பகுதியாகிவிட்டது. கிழக்கில் ஒரு துறைமுகமும் மேற்கில் ஒரு துறைமுகமும் பிரிந்து நிற்பதற்குக் காரணம் அந்த அணைதான். நூல், பஞ்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு மன்ஷியா வேறொரு வகையில் முக்கியமானது. உலகப் புகழ்பெற்ற அலெக்சாண்ட்ரியப் பஞ்சுச் சந்தையின் கட்டடம் இங்குதான் இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் பஞ்சு வராமல் போனதும் எகிப்தியப் பஞ்சின் விலை ஏறி, இந்த ஊர் செழித்தது. 1956 ஜூலை 26 அன்று சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்குவதாக எகிப்து அதிபர் நாசர் அறிவித்ததும் இந்தச் சதுக்கத்தில்தான். பஞ்சுச் சந்தைக் கட்டடம் இப்போது இல்லை. நம் ஊர் ஆலைகள் நுண்ணிழை நூலுக்காக வரவழைக்கும் கீஸா பஞ்சின் பழைய தலைமைச் சந்தை இதுவென்று அறிந்து அந்த வெற்றிடத்தின் முன்னால் சற்று நிற்கலாம்.

வழியில் அபு அல்-அப்பாஸ் அல்-முர்சி பள்ளிவாசல் வரும். இன்றைய கட்டடம் இருபதாம் நூற்றாண்டினது. அடங்கியிருக்கும் ஞானி ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து 1287இல் இங்கே மறைந்தவர். தொழுகை நேரம் தவிர்த்து, கை கால் மூடிய உடையில், பெண்கள் தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். நிலமுனையில் நிற்கும் காயித்பே கோட்டையை 1477இல் மம்லூக் சுல்தான் காயித்பே கட்டத் தொடங்கினார். உலக அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடம் இது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற அந்தக் கோபுரம், பல நிலநடுக்கங்களில் சிதைந்து, 1303, 1323 ஆண்டுகளின் அதிர்வுகளில் பயனற்றுப்போயிற்று. கோட்டைச் சுவரில் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கற்களுக்கிடையே செந்நிறக் கருங்கல் துண்டுகள் பதிந்திருப்பதைத் தேடிப் பாருங்கள்; அவை கலங்கரை விளக்கத்திலிருந்து எடுத்தவை எனப் பலரும் கருதுகிறார்கள். மீதிக் கற்கள் கோட்டைக்கு முன்னால் கடலுக்கடியில் கிடக்கின்றன. 1994 முதல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் இவ் எம்பெரர் குழுவினர் அவற்றை நீருக்குள் அளந்து பதிவு செய்தார்கள். கோட்டை மாலை ஐந்து மணிக்கு முன்பே மூடப்படலாம். மூன்று மணிக்குள் நுழைந்துவிடுங்கள். துறைமுகத்தில் நிற்கும் கடற்படைக் கப்பல்களையும் காவல் நிலைகளையும் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எகிப்தியரின் அன்றாடக் காலை உணவே ஃபூல் எனப்படும் அவித்து மசித்த பெரிய அவரைக் கொட்டையும், அதே கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பொரிக்கும் தாமியாவும், தவிட்டோடு கூடிய சூடான ரொட்டியும்தான். ரம்ல் நிலையத்துக்கு அருகே முகமது அகமது என்ற பழைய உணவகம் இதற்கே பெயர் பெற்றது. ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தக் கொட்டை ஆபத்தானது, வீட்டில் யாருக்கேனும் அது இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் ஃபூல், தாமியா இரண்டையும் தொடக் கூடாது. அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, மாக்கரோனி மேல் வறுத்த வெங்காயமும் தக்காளிச் சாறும் ஊற்றிக் கொடுக்கும் கோஷரி, அரிசிம்பருப்புச் சோற்றில் வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பழகிவிடும். முலுக்கியா என்ற கீரைக் குழம்பு பார்க்கச் சைவமாக இருந்தாலும் பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்வது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊரைவிட நல்ல ஊர் எகிப்தில் கிடையாது. அன்ஃபுஷி பக்கத்து உணவகங்களில் பனிக்கட்டி மேல் அடுக்கிய மீனை நாமே தேர்ந்தெடுத்து, எடை போட்டு, சுடுவதா பொரிப்பதா என்று சொல்லிவிட்டு உட்காரலாம். எடைக்கு என்ன விலை, சமைக்கும் கூலி தனியா என்பதை அப்போதே கேளுங்கள். குடிக்கப் புட்டித் தண்ணீர்.

மூன்றாம் நாளும் புறப்பாடும்

மாலை விமானம் உள்ளவர்கள் காலையில் எல் அலமைனுக்குப் போய்வரலாம். மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். போர்க் எல் அரப் விமான நிலையமும் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் இருப்பதால், பெட்டிகளோடு கிளம்பி, திரும்பும் வழியில் நேரே விமான நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். வண்டியை நாள் வாடகைக்கு முந்தைய இரவே பேசிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இங்கு நடந்த சண்டையில் இந்திய நான்காம் டிவிஷன் பங்கேற்றது. மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் பிரிவும் அதில் இருந்தது. போர்வீரர் கல்லறைத் தோட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், தங்கள் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர் பொறித்த நினைவிடம் தனியாக உள்ளது. கடற்கரையை நாடி வருபவர் எவரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நாம் போக வேண்டும். குடும்பத்தில் அந்தப் போருக்குப் போனவர் உண்டென்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி, எந்தப் பலகை என்று குறித்துக்கொண்டு போங்கள். பலகைகள் பல இருப்பதால் நேரில் தேடினால் நேரம் போதாது.

எகிப்து நேரம் நமக்குக் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும், ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை இரண்டரை மணி நேரமும் பின்தங்கியது. மாறும் வாரத்தில் பயணம் செய்பவர் கைபேசியை மட்டும் நம்பாமல் விமான நேரத்தை மறுமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நகரிலிருந்து விமான நிலையம் போகும் சாலையில் லாரி நெரிசல் உண்டு. விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பாக விடுதியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கல்லறைகளின் வாசலிலும் தூணின் அருகிலும் பழங்கால நாணயம் என்று சொல்லிச் சிலர் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். நம் ஊரில் கிடைத்ததைப் போன்ற ரோமானியக் காசு என்று ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால், எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டை விட்டு எடுத்துச் செல்வது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள்.